இருபது வீட்டுக் கணக்கு

ஆறாம் கட்டை யுத்த மயானத்தில்
புல் வெட்டுகிறவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.
ஒரு கல்லின் அடியில், தாய் சேர்த்த வரியில்
ஊர்ப்பெயர் இருந்தது: ஆர்கைல்.
வயது இருபத்தொன்று. கப்பலில் எஞ்சின் அறை.

அந்தப் பெயரைத் தேடப்போய்
ஓர் அரசு அகப்பட்டது. தால் ரியாட்டா.
ஆயிரத்து நானூறு வருசப் பழசு.
பாதி அயர்லாந்துக் கரையில், பாதி ஸ்கொட்லாந்துக் கரையில்,
நடுவில் குளிர்ந்த உப்புத்தண்ணீர்.
இதெப்படி ஒரே நாடாகும் என்று
கிண்ணியாக்காரன் கேட்கமாட்டான்.
மிதவைக்கே 'பாதை' என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்.

அவர்களுக்கும் ஆநிரை கவர்தல் இருந்தது.
வெட்சி சூடாமல் போனார்கள், அவ்வளவுதான்.
ஒரு காளைக்காக ஊர்கள் எரிந்ததை
பாணன் இரவிரவாகப் பாட
மன்னன் மோதிரம் கழற்றிக் கொடுப்பான்.
எங்கள் கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கின்றன.
கவர்ந்துபோக ஒருவரும் வருவதில்லை,
பொலித்தீன் தின்று சாகின்றன.

அங்கே ஒரு குன்றின் உச்சியில்
பாறைக்குள் ஒரு பாதம் குடைந்திருக்கிறதாம்.
புது மன்னன் அதில் கால் வைத்தால் நிலம் அவனுக்கு.
சுவாமி மலையில் எங்களுக்கு இராவணன் வெட்டு.
அவர்களிடம் ஒரு காலின் அளவு,
எங்களிடம் ஒரு கோபத்தின் ஆழம்.

என்னை நித்திரை கொள்ளவிடாதது
பாட்டுமல்ல, பாதமுமல்ல. ஒரு பதிவேடு.
இருபது வீட்டுக்கு இரண்டு வள்ளம்.
வள்ளத்துக்கு ஏழு பலகை, தண்டு வலிக்க.
எழுதியவன் பெயர் இல்லை.
எனக்கு அவனைத் தெரியும்.
மைக்கறை எந்த விரலில் என்றுகூடத் தெரியும்.

பலகைக்கு இரண்டு பேர் என்று பிடித்தால்
வள்ளத்துக்குப் பதினான்கு.
இரண்டுக்கும் இருபத்தெட்டு.
வீடோ இருபது.
அப்படியென்றால் எட்டு வீட்டிலாவது
இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

தொண்ணூற்றேழு. திருக்கடலூர்க் கரை.
நேவிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் என் மேசை.
விடிய நாலுக்கு அடையாள அட்டையை வாங்கி
ரோக்கன் கொடுப்பேன்.
ரோக்கன் திரும்பினால் அட்டை திரும்பும்.
எத்தனை குதிரைவலு, எழுது.
எத்தனை போத்தல் மண்ணெண்ணெய், எழுது.
எத்தனை பேர்.

ஐப்பசி. வடக்கில் கறுத்துக்கொண்டு வந்தது.
எல்லாரும் கரை பிடித்து
ஈரக்கையால் அட்டை வாங்கிப் போன பிறகு
மேசையில் இரண்டு மிஞ்சின.
சித்திரவேல். நிமலராஜ்.
இரண்டிலும் ஒரே வீட்டு இலக்கம்.

நாலாம் நாள் புவனமலர் வந்தாள்.
"ரோக்கன் ரெண்டும் கடலுக்கை கிடக்கு.
அட்டையளையெண்டாலும் தாங்கோ."
கொட்டிலுக்குள் ஒருவன் ரேடியோ திருகிக்கொண்டிருந்தான்.
நான் விதியைச் சொன்னேன்.
திருத்தமாக, வாசித்துக் காட்டுவதுபோலச் சொன்னேன்.

பாட்டில் வீரர்கள் நின்றபடி சாகிறார்கள்.
காகம் தோளில் வந்து அமரும்வரை
எதிரி கிட்ட வரவும் பயப்படுகிறான்.
பதிவேட்டில் இருந்தபடிதான், பலகையில்,
பக்கத்தில் இருப்பவன் அப்பனா மகனா
என்ற குறிப்புக்கூட இல்லாமல்.

வடக்கிலிருந்து வேறு கப்பல்கள் வந்து
அந்த அரசும் முடிந்தது.
பலகைக் கணக்கு மிஞ்சியிருக்கிறது.
ஆறாம் கட்டைப் பையன்
எந்த வீட்டின் இரண்டாவது ஆளோ.

கொட்டில் கழற்றியபோது லாச்சிக்குள் கிடந்த
அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
திருடினேன் என்றாலும் சரிதான்.

நேற்றுச் சந்தையில் சூடைக் கருவாடு வாங்கினேன்.
புவனமலர் நிறுத்தாள்,
வழமைபோல ஒரு பிடி கூடப் போட்டாள்.
என்னை அடையாளம் தெரியுமா என்று
இத்தனை வருசத்தில் நான் கேட்டதில்லை.
அட்டைகள் சட்டைப்பைக்குள் இருந்தன.
மிச்சக் காசை என் கையில் வைத்து
"எண்ணிப் பாருங்கோ" என்றாள்.

நான் எண்ணவில்லை.